முத்திரை விழாத சான்றிதழ்

எட்டு வருடமாக வளைகுடாவில் நர்ஸாக இருக்கிறேன். கல்யாணமாகி நான்கு வருடம். கணவருக்குப் பக்கத்து நாட்டில் வேலை. எல்லையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் மூன்று மணி நேரப் பயணம். புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் மதுரைக்குப் போவதைப் போலத்தான். அப்படியிருந்தும் நாங்கள் வெள்ளிக்கிழமைக்கு மட்டும் புருஷன் பெண்டாட்டி.

ஒருவழியாக அவர் இருக்கும் ஊர் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை கிடைத்தது. இரண்டு மாதத்துக்குள் அந்த நாட்டு லைசென்ஸ் வாங்கிச் சேர்ந்துவிட வேண்டும். என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். ஆறு நாடுகளும் ஒரே கூட்டமைப்பு, ஒரே சந்தை என்று டிவியில் ஓயாமல் சொல்கிறார்களே. எங்கள் வார்டுக்கு குளுக்கோஸ் பாட்டில் அந்த நாட்டிலிருந்துதான் லாரியில் வருகிறது. பாட்டில் வரலாம். அதை நோயாளிக்கு ஏற்றுகிற நான் அங்கே போக வேண்டுமென்றால் மட்டும் முதலிலிருந்து நர்ஸ்தான் என்று நிரூபிக்க வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் நரம்பு வேறு இடத்திலா ஓடுகிறது?

டிப்ளமோ சான்றிதழின் பின்பக்கத்தில் அந்த நாட்டுத் தூதரகத்தின் முத்திரை வேண்டுமாம். ஏற்கெனவே நான் வேலை பார்க்கும் நாட்டின் முத்திரை இருக்கிறதே என்றேன். அது அவர்களுடையது, எங்களுடையது வேண்டும் என்று பதில் வந்தது. அசல் சான்றிதழ் எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டையில் அப்பாவிடம் இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி இருபது நாள் லீவு வாங்கிக்கொண்டு வந்தேன்.

அப்பா பீரோவைத் திறந்து பெருமையாக எடுத்துக் கொடுத்தார். பளபளவென்று இருந்தது. முன்னும் பின்னும் பிளாஸ்டிக் ஒட்டி லேமினேஷன் செய்து வைத்திருந்தார்.

ஒரு மழைக்காலத்தில் ஓடு ஒழுகி எங்கள் நிலத்துப் பத்திரம் கூழாகிப்போனது. அன்றிலிருந்து அப்பாவுக்கு இதுவே வேலை. ஒரு தாள் கிடைத்தால் போதும், பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார். எங்கள் வீட்டில் லேமினேஷன் ஆகாதது அவரும் மாடும்தான்.

திருச்சியில் முத்திரை வாங்கித் தரும் ஏஜென்ட் அதை விரலால் தட்டிப் பார்த்தார். "இதுல எங்கம்மா சீல் குத்துறது? டூப்ளிகேட் வாங்கிட்டு வாங்க."

சென்னைக்கு ஓடினேன். சான்றிதழ் கொடுத்த அலுவலகத்தில் கிளார்க் அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தொலைஞ்சாலோ சேதமானாலோதான் டூப்ளிகேட்."

"இது சேதந்தாங்க. சீல் குத்த முடியலை."

"லேமினேஷன் எப்படிம்மா சேதமாகும்? பத்திரமால்ல இருக்கு!"

வல்லத்திராக்கோட்டைக்குத் திரும்பி வந்து மொத்தக் கோபத்தையும் அப்பாவின் மேல் கொட்டினேன். தூதரகத்தைத் திட்ட முடியாது, கூட்டமைப்பைத் திட்ட முடியாது. அப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். "ஒங்களை யாருப்பா இதெல்லாம் பண்ணச் சொன்னா? நான் அவரோட சேந்து இருக்கிறதையே கெடுத்துட்டீங்க!" என்று கத்தினேன்.  அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது அப்பா இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, மேலே ஒரு துணியைப் போட்டு, பிளாஸ்டிக்கை மெல்ல உரித்துக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக்கோடு சேர்ந்து பழைய முத்திரையும் பாதிக் கையெழுத்தும் உரிந்து வந்தன.  என்னால் திட்டக்கூட முடியவில்லை.

அந்தக் கிழிந்த தாளோடு மறுபடியும் சென்னைக்குப் போனேன். கிளார்க் அம்மா பார்த்ததும் தலையாட்டினார். "இப்ப இது சேதம். பாரத்தை எழுதிக் கொடுங்க." அங்கேயே உட்கார்ந்து சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. ஊர் விலாசத்துக்குத் தபாலில் வரும் என்றார்கள். லீவு முடிந்து நான் விமானம் ஏறும்வரை வரவில்லை. கெடு முடிந்தது. அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டதாக ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு வரியில் கடிதம் வந்தது. அப்பாவிடம் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் எல்லை தாண்டிக் கணவர் வீட்டுக்குப் போயிருந்தபோது அப்பா போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"ஆத்தா, தபால் வந்துருச்சு. கையக் கழுவித் தொடச்சிட்டுத்தான் வாங்குனேன். கவரைக்கூடப் பிரிக்கலை. அப்படியே வச்சிருக்கேன்."

"சரிப்பா."

"இனிமே நீ மாப்பிள்ளை ஊருக்கே போயிரலாம்ல?"

"போயிரலாம்ப்பா" என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு கார் சாவியை எடுத்தார். நான் எல்லைக்குக் கிளம்ப வேண்டிய நேரமாகிவிட்டிருந்தது.