மூடி திறக்காத டப்பாக்கள்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவரை அறிந்த உங்களிடம் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லவே இதை எழுதுகிறேன்.

பல்லாவரத்தில் பிறந்தவர் அக்கா. அம்மா போனபோது அவருக்குப் பத்தொன்பது வயது. நானும் தம்பியும் பள்ளிக்கூடத்தில். அப்பா திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். அக்கா டைப்பிஸ்ட் வேலைக்குப் போய்க்கொண்டே எங்களை வளர்த்தார். கல்யாணம் வேண்டாம் என்றார். அவர் பிடிவாதத்தின் முன் யார் ஜம்பமும் சாயாது.

கேளம்பாக்கத்தில் எனக்கு வேலை கிடைத்ததும், முதல் சம்பளத்தில் தாம்பரம் மார்க்கெட்டில் பன்னிரண்டு பிளாஸ்டிக் பாட்டில்கள் வாங்கினேன். கண்ணாடி மாதிரி உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். அக்காவின் நசுங்கிய பிஸ்கட் டின்களையும் எவர்சில்வர் டப்பாக்களையும் ஒழித்துக்கட்ட வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. அக்கா வாங்கி வைத்துக்கொண்டு சிரித்தார். அடுத்த ஞாயிறு போய்ப் பார்க்கிறேன், பன்னிரண்டுக்கும் பழைய காலண்டர் தாளைச் சுற்றி ஒட்டியிருக்கிறார்! எனக்கு வந்ததே கோபம். நான் வாங்கித் தந்தது அவ்வளவு மட்டமா என்று கத்திவிட்டேன்.

அக்கா அடுப்பைத் தணித்துவிட்டுச் சொன்னார்: "அப்பாவுக்கு ஒரு வருஷம் வேலை இல்லாம இருந்துச்சே, அப்ப இந்த மாதிரி பாட்டில் இருந்திருந்தா, நீங்க ரெண்டு பேரும் ரெண்டாவது தடவை சோறு கேட்டிருக்க மாட்டீங்கடி."

அந்த வருஷம் முழுக்க அக்காவுக்கு ராத்திரியானால் வயிறு சரியில்லாமல் போகும்; சோறு வேண்டாம் என்பார். அதை நாங்கள் நம்பினோம். அன்றைக்கு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

அப்பாவும் போய், எங்களுக்குக் கல்யாணமும் ஆன பிறகு அக்கா தனியாகத்தான் இருந்தார். கடைசியில் முழங்கால் வீங்கி, படி இறங்க முடியாமல் போனது. ஞாயிறுதோறும் நானும் தம்பியும் போவோம். சாமான் வாங்கி வரட்டுமா என்று கேட்டால், எல்லாம் நிறைய இருக்கிறது என்பார். அலமாரியில் டப்பாக்கள் வரிசையாக இருக்கும். கொஞ்ச நேரம் பேசிவிட்டுக் கிளம்பிவிடுவோம்.

காரியம் முடிந்து சமைக்கலாம் என்று ஒவ்வொன்றாகத் திறந்தோம். ஒரு டின்னில் அரைப்பிடி துவரம்பருப்பு. மற்றதெல்லாம் துடைத்துக் கவிழ்த்த மாதிரி காலி.

அப்போதுதான் கீழ்வீட்டு அம்மா வாயைத் திறந்தார். ஒருநாள் அவர் ரவை கேட்டு மேலே வந்திருக்கிறார். தீர்ந்துவிட்டது என்று அக்கா சொல்லியும் கேட்காமல், தானே தேடுகிறேன் என்று நாலு டப்பாவைத் திறந்துவிட்டார். அன்றிலிருந்து இரண்டு மாதம், இரண்டு வேளையும் சாப்பாடு அவர் வீட்டிலிருந்துதான். எங்களிடம் சொல்லக்கூடாது என்று அக்கா சத்தியம் வாங்கிக்கொண்டாராம்.

மருத்துவமனையில் துணையிருந்தவர்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், தொலைவிலிருந்து வந்து நின்ற உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கீழ்வீட்டு அம்மாவுக்கு நன்றி என்று எழுதக் கை கூசுகிறது. ஒரு டம்ளர் ரவைக்காக வந்தவர் மூடியைத் திறந்து பார்த்தார். அக்கா கையால் சாப்பிட்டு வளர்ந்த நான் ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை.