உப்புப் பாக்கெட்டால் நிமிர்த்திய வீடு

மரக்காணத்தில் எங்கள் ஸ்டுடியோவில் படம் எடுப்பது என் வீட்டுக்காரர். பிரிண்ட் போடும் இருட்டறை என் ராஜ்யம். 2005-இல் எல்லோரும் கலருக்கு மாறியிருந்தார்கள். கலர் பிலிமைக் கழுவப் பாண்டிச்சேரிக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும். அவசரமென்றால் கறுப்பு வெள்ளைதான்.

உப்பளத்தில் வேலை செய்யும் ஒருத்திக்கு அப்படியோர் அவசரம். கணவர் துபாயில். அவர் இன்னும் பார்க்காத புது வீட்டைக் கட்டிய கொத்தனார் இவளுடைய தம்பி. "உன் தம்பி கட்டுனா கோணலாத்தான் நிக்கும்" என்று அவர் போனில் குத்திக்கொண்டே இருந்தாராம். கோட்டக்குப்பத்துக்காரர் ஒருவர் மறுநாள் துபாய்க்குக் கிளம்புகிறார். அவரிடம் போட்டோவைக் கொடுத்தனுப்ப வேண்டும்.

மேட்டில் நின்ற வீட்டை என் வீட்டுக்காரர் பள்ளத்து வரப்பிலிருந்து கேமராவை அண்ணாந்து பிடித்து எடுத்திருந்தார். பிரிண்டில் இரண்டு சுவரும் மேலே போகப்போக உள்ளே சாய்ந்தன.

"அய்யோ அக்கா, இதப் பாத்தா என் தம்பிய சும்மா வுடுவாரா?" என்று அழுதேவிட்டாள்.

"கொத்தனார் ஒழுங்காத்தான் கட்டியிருக்கான். நீங்கதான் கோணலா எடுத்திருக்கீங்க" என்று வீட்டுக்காரரை ஒரு பிடி பிடித்துவிட்டு உள்ளே போனேன்.

படத்தைப் பெரிதாக்கி விழவைக்கும் என்லார்ஜருக்கு அடியில் பேப்பரைப் பிடிக்கும் சட்டத்தின் ஒரு பக்கத்தைத் தூக்கினால் அந்தப் பக்கம் படம் சுருங்கும். அவசரத்தில் கூரைப் பக்கத்தைத் தூக்கிவிட்டேன். வீடு கோபுரமாகிவிட்டது! தலையில் அடித்துக்கொண்டு வாசல் பக்கத்தைத் தூக்கினேன். முட்டுக்கொடுக்க ஒரு கிலோ உப்புப் பாக்கெட். தட்டத் தட்ட அது அமுங்கும். வேண்டிய உயரத்தில் நிறுத்தலாம். சுவர்கள் மெல்ல நிமிர்ந்தன. சட்டம் சாய்ந்ததில் ஓரங்கள் மங்கின; லென்ஸ் துவாரத்தை நன்றாகக் குறுக்கியதும் கூரையிலிருந்து வாசற்படி வரை தெளிவாக விழுந்தது. சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினேன்.

ஈரம் காய்ந்ததும், அவளோடு வந்திருந்த தம்பிக்காரன் தூக்குக்குண்டைப் படத்தின் மேலேயே தொங்கவிட்டுப் பார்த்தான். "நூல் புடிச்சாப்புல இருக்குது!" என்றான். எல்லோருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை.

இரண்டு வாரத்தில் போன் பேசிவிட்டு ஓடிவந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"சுவரப் பத்தி ஒண்ணுமே கேக்கலக்கா. 'வீடு இருக்குது, நீ எங்க?'ன்னு கேட்டாரு."

நானும் வீட்டுக்காரரும் அவள் தம்பியும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோமே தவிர, அவளை நிறுத்தி எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அன்றைக்கே அவளை வாசற்படியில் நிறுத்தி, அதே வரப்பிலிருந்து எடுத்தோம். சுவர் மறுபடியும் சாய்ந்தது. நிமிர்த்தித் தரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாங்க்கா, படத்துல நான் நல்லா வுழுந்திருக்கேன். அப்படியே குடுங்க" என்றாள்.