எட்டு கிராம் கிளிசரின்

பதினேழு வருஷமாக ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவியதில் அவருக்குப் புட்டிக்காரர் என்றே பேர் நிலைத்துவிட்டது. கழுவுவதோடு இன்னொரு வேலையும் அவர் கையில் இருந்தது. ரத்தப் பரிசோதனைக்குப் போகும் புரதக் கரைசலை ஃப்ரீசரில் வைக்கும் முன் அதில் கிளிசரின் கலப்பது. நாலாம் வகுப்போடு நின்றவருக்கு அது பெரிய கௌரவம். போன மாதம் அதைப் பிடுங்கி, புதிதாக வந்த ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். வந்த ஆள் வேறு யாருமில்லை, பெண்டாட்டியின் அண்ணன். சிபாரிசு செய்து சேர்த்துவிட்டதே புட்டிக்காரர்தான்.

வயிறு எரிந்தது. காலையில் மனைவி இரண்டு டப்பா கட்டுவாள். அண்ணன் டப்பாவில் இரண்டு முட்டை, இவருக்கு ஒன்று. கேட்டால், "அண்ணன் மூளையைப் போட்டு வேலை செய்யுதுங்க" என்பாள்.

மச்சான் முதன்முதலாகக் கலக்கும் நாள் அன்று. ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பான மேடம் அவருக்குப் பக்கத்தில் நின்று விளக்கிக்கொண்டிருந்தார். கழுவும் தொட்டியடியில் இவர் காதைத் தீட்டிக்கொண்டார்.

"கிளிசரின் புரதத்தைக் கட்டிப்பிடிச்சுக் காப்பாத்துதுன்னு நினைக்காதீங்க. பெரும்பாலும் அது ஒதுங்கித்தான் நிக்கும். புரதத்தைச் சுத்தித் தண்ணிதான் நெருக்கமா நிக்கும். அதனால புரதம் விரியாம, மடிஞ்சபடியே இருக்கும். யூரியாதான் போய் ஒட்டிக்கிட்டு மடிப்பைக் கலைச்சுவிடும்."

"பிரமாதம் மேடம்!" மச்சான் ஆட்டிய ஆட்டில் தலை கழன்று விழாதது அதிசயம்.

பதினேழு வருஷத்தில் ஒரு நாளாவது தன்னிடம் இப்படிச் சொல்லியிருப்பாரா? புட்டிக்காரருக்குக் காதில் புகை வந்தது.

பதினோரு மணிக்கு, உறிஞ்சி அளக்கும் கண்ணாடிக் குழாய்களான பிப்பெட்டுகள் பத்து கழுவ வந்தன. எடுத்ததுமே கை வழுக்கியது. குழாய்க்குள்ளே கிளிசரின் பாகு மாதிரி அப்பியிருந்தது. மச்சான் பிப்பெட்டில் உறிஞ்சி அளந்திருக்கிறார். கெட்டிச் சரக்கு, கொஞ்சம் குழாயிலேயே தங்கிவிடும். அதனால்தான் இவர் என்றைக்கும் தராசில் எடை போட்டு ஊற்றுவார். அதை மச்சானிடம் இவர் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை.

இப்போதும் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். கிளிசரின் குறைந்த கரைசல் ஃப்ரீசரில் உறைந்து, உருக்கும்போது கலங்கும். மூன்று வார உழைப்பு சாக்கடைக்குப் போகும். வேலை இவர் கைக்குத் திரும்பும்.

தண்ணீர்க் குழாயைத் திறந்தார். முதல் பிப்பெட்டைத் தண்ணீருக்கு நீட்டியவர், சட்டென்று மூடினார். மச்சான் கெட்டால் கெடட்டும், அந்தக் கரைசல் என்ன பாவம் செய்தது?

ஒரு குவளையைத் தராசில் வைத்துப் பத்தையும் அதில் வடியவிட்டார். எட்டு கிராம் காட்டியது.

"மச்சான், இங்க வாங்க! கரைசலுக்குப் போகவேண்டியதை என் தொட்டிக்கு எதுக்கு அனுப்பினீங்க?"

மச்சான் முகம் வெளுத்தது. "ஐயோ மாப்ளே, முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"நீங்க கேட்டீங்களா?"

மேடம் ஓடிவந்து, புது கிளிசரினில் எட்டு கிராம் எடை போட்டுச் சேர்க்கவைத்தார். "நல்லவேளை கவனிச்சீங்க" என்றார். புட்டிக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். மேடம் மச்சான் பக்கம் திரும்பி, "இனிமே நீங்க எடை போட்டே கலந்துடுங்க" என்றார்.

நிமிர்ந்த நெஞ்சு இறங்கியது.

சாப்பாட்டு நேரத்தில் மச்சான் தன் முட்டை ஒன்றை இவர் டப்பாவில் வைத்தார். "நீங்க பக்கத்துல இருக்கிறவரைக்கும் எனக்குப் பயமில்ல மாப்ளே."

"ஒதுங்கி நின்னு காப்பாத்த நான் என்ன கிளிசரினா?" என்று உறுமிக்கொண்டே அதை வாயில் போட்டார்.

விஷயம் அன்றைக்கே வீட்டுக்கு எட்டிவிட்டது. மறுநாள் டப்பாவைத் திறந்தால் இரண்டு முட்டை. புட்டிக்காரருக்கு முகமெல்லாம் பல். அப்படியே கழுத்தை நீட்டி மச்சான் டப்பாவை எட்டிப் பார்த்தார்.

அதில் மூன்று இருந்தன.