பிழிந்த கை

சட்டையைத் தண்ணீரில் முக்குமுன் காலரை மோந்து பார்க்கிறார் கெம்பம்மா. "பீடிய உட்டுட்டேன்னு பொண்டாட்டி தலையில அடிச்சு சத்தியம் பண்ணானே, எங்க உட்டான்?" என்று பக்கத்துத் துவைகல்லுக்குச் செய்தி போகிறது. சூளகிரிப் பக்கத்து இந்த ஏரித் துறையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் துவைக்கிறார்கள். கெம்பம்மா சந்தேகப்படாத ஆள் அதில் ஒருத்தியும் கிடையாது.

என்னை மட்டும் விட்டாரா? ஊருக்குப் புதிதாக வந்து துறையில் இறங்கிய முதல் நாளே என் பையைத் தடவிப் பார்த்துவிட்டார். "நெலம் அளக்க வந்தவதானே நீ? நெசத்தச் சொல்லு கண்ணு." இல்லையென்றேன். "சுள்ளு!" என்று கன்னடத்துக்குத் தாவினார். கெம்பம்மா கன்னடத்தில் பொய்யென்று சொல்லிவிட்டால் அப்புறம் அப்பீல் கிடையாது.

போன வாரம் நிஜமாகவே ஒன்று களவு போனது. போச்சம்பள்ளிக் கம்பெனிப் பெண்கள் தங்கும் விடுதியின் துணிகள் கெம்பம்மா பொறுப்பு. வீட்டில் அடுப்பெரிவதே அதை வைத்துத்தான். கொடியில் காய்ந்த நீல யூனிஃபார்ம் சட்டை ஒன்றைக் காணோம். சனிக்கிழமைக்குள் வராவிட்டால் மொத்தத் துணியையும் ஓசூரில் மெஷினுக்குப் போட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டார் வார்டன். கெம்பம்மா அத்தனை பேர் முன்னாலும் பக்கத்துக் கல் வெங்கடம்மாளின் கூடையைக் கவிழ்த்துக் கொட்டினார். பாவம், அந்தம்மா அழுதே விட்டார். அந்த நேரத்தில் கெம்பம்மாவை எனக்குப் பிடிக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் சட்டை திரும்பி வந்திருந்தது. துவைத்து, பிழிந்து, முறுக்குப் பிரிக்காமல் கெம்பம்மாவின் கல்மேல் கிடந்தது.

"முறுக்கப் பாத்தே யாரு கைன்னு சொல்லுவியே, இப்ப சொல்லு!" இடுப்பில் கை வைத்து வந்து நின்றார் வெங்கடம்மாள். துறையே துவைப்பதை நிறுத்திவிட்டது.

கெம்பம்மா குனிந்து பார்த்தார். முறுக்கு இடப்பக்கமாக ஓடியிருந்தது. இங்கே இடக்கைக்காரி ஒரே ஒருத்திதான், கெம்பம்மாவின் மருமகள் ஜெயப்ரியா. போச்சம்பள்ளிக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பத்து நாளாகக் கெஞ்சியவள். மாமியார்தான் விடவில்லை. யூனிஃபார்ம் போடாதவர்களைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். விடுதித் துணியைத் துவைக்கிற வீடே எடுத்து உடுத்தியது என்று தெரிந்தால் வார்டன் இன்னொரு துணி கொடுப்பாரா? நாலு கல் தள்ளி ஜெயப்ரியா மட்டும் தலை நிமிராமல் ஒரே பாவாடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"குடு, நானும் பாக்கறேன்," என்று வெங்கடம்மாள் கையை நீட்டினார்.

கெம்பம்மா சட்டையைத் தண்ணீரில் போட்டு அலசினார். வெளியே எடுத்து, கை நரம்பு புடைக்க, வலப்பக்கமாகப் பிழிந்தார்.