வாயைத் திறந்தால் அமுங்கும் கேக்

எனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ரஷ்யக் கேக் ஒழுங்காக எழும்பியதில்லை என்பது அக்கா என்மேல் வைத்த குற்றச்சாட்டு. அதை முழுப்பொய் என்று சொல்லிவிட முடியாது. லண்டனில், சட்டன் பகுதியில் நான் படித்த ஆரம்பப் பள்ளியில் வருடாவருடம் ஆசிரியை மாறுவார்; றிப்போட்டில் ஒரு வசனம் மட்டும் மாறாது. கெட்டிக்காரன், ஆனால் கதைப்பதை நிறுத்தமாட்டான். அம்மா அதில் முதல் சொல்லை மட்டும் மொழிபெயர்த்துக் கோயிலில் எல்லாருக்கும் சொல்வார்.

மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வந்து புட்டும் மீன்குழம்பும் சாப்பிடுகிற யாழ்ப்பாணத்து வீட்டுக்குள் ரஷ்யக் கேக் எப்படி நுழைந்தது என்பதைச் சொல்லவேண்டும். அம்மாவும் அக்காவும் ரஷ்யாவுக்கு உல்லாசப் பயணம் போய் வந்தவர்கள். ஒன்பது வயதில் நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். நான் பிறப்பதற்கு முன்னால், அக்காவுக்கு மூன்று வயதாக இருந்தபோது, அவர்கள் இருவரும் மொஸ்கோவில் ஏழு மாதம் நின்றுவிட்டுத்தான் லண்டனில் இருந்த அப்பாவிடம் வந்து சேர்ந்தார்கள். ஏஜென்சிக்காரன் கூட்டிக்கொண்டு போனானாம். எங்கள் கடைத்தெருவிலும் ஒரு ஏஜென்சி இருந்தது. அதன் கண்ணாடியில் நீலக் கடலும் தென்னை மரமும் ஒட்டியிருக்கும். எனக்குக் கிடைத்த விடுமுறையோ சவுத்தாலில் மாமி வீட்டில் இரண்டு நாள். இவர்களுக்கு ஏழு மாதம். எனக்கு வயிறு எரிந்தது.

அக்காவை ஒருநாள் விசாரித்தேன்.

"பனியிலை சறுக்கினியா?"

"இல்லை."

"பெரிய கோட்டை எல்லாம் பாத்தனியா?"

"இல்லை."

"அப்ப என்னத்தைத்தான் பாத்தனீ?"

"வோல்பேப்பர்," என்றாள். "பச்சைப் பூப் போட்டது."

ஏழு மாதத்தை இப்படி வீணாக்கியவளுக்குப் பதிலாக என்னைக் கூட்டிப் போயிருக்கலாமே என்று அம்மாவிடம் முறையிட்டேன். நீ அப்போது பிறக்கவே இல்லை என்று அம்மா ஒரு சாட்டுச் சொன்னார்.

அந்தப் பயணத்திலிருந்து அவர்கள் கொண்டுவந்த ஒரே பொருள் இந்தக் கேக்தான். ஒரு படம்கூடக் கிடையாது. மொஸ்கோ வீட்டுக்காரி சொல்லிக்கொடுத்ததாம். தராசு வேண்டாம், பட்டர் வேண்டாம், பேக்கிங் பவுடர் வேண்டாம். நாலு முட்டை. ஒரு தேநீர்க் கோப்பை சீனி, அதே கோப்பையால் ஒரு கோப்பை மா. தட்டில் புளி அப்பிளை நறுக்கிப் போட்டு, மேலே அடித்த மாவை ஊற்றி, அவண் அடுப்புக்குள் தள்ளிவிடவேண்டியதுதான். முட்டையையும் சீனியையும் வெள்ளைவெளேரென்று நுரைத்து வரும்வரை கை ஓய அடிப்பதுதான் வேலை.

கஷ்டம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். இந்தக் கேக் பயந்த சுபாவம் உள்ளது. சத்தம் கேட்டால் எழும்பாது. ஆகவே அது உள்ளே போனதும் தொலைக்காட்சியை நிறுத்தவேண்டும். தொலைபேசி வயரைக் கழற்றவேண்டும். திரைச்சீலையை இழுத்து மூடவேண்டும். காலுறையோடுதான் நடக்கவேண்டும். கழிப்பறைக்குப் போனால் தண்ணீர் இழுக்கக்கூடாது. யார் வந்து தட்டினாலும் கதவைத் திறக்கக்கூடாது. முக்கியமாக, நாற்பது நிமிடத்துக்கு ஒருவரும் வாயைத் திறக்கக்கூடாது. மணி அடிக்கிற டைமர்கூட அம்மா வைக்கமாட்டார்; சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் சொல்லப்போகும் நாளுக்கு முன் மூன்று தடவை கேக் நடுவிலே குழிவிழுந்து அமுங்கிப் போயிருந்தது. மூன்று தடவையும் பழி என் வாயின்மேல் விழுந்தது. நான் மறுக்கவில்லை. ஏனென்றால் மூன்று தடவையும், அம்மா அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில், நான் அவண் கதவைத் திறந்து விரலால் கேக்கைத் தொட்டுப் பார்த்திருந்தேன். கைக்குக் கிடைக்கவேண்டிய அடியை வாய்க்கு வாங்கிக் கொடுத்தால் கணக்குச் சரி என்று இருந்துவிட்டேன்.

எனக்கு ஒன்பது வயதாயிருந்த ஒக்டோபரில் பள்ளிக்கூடத்தில் சர்வதேச உணவு மாலை வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு பலகாரமும், அதைச் செய்யும் முறையைத் தன் கையெழுத்தில் ஒரு தாளிலும் கொண்டுவரவேண்டும். முந்தின வருடம் அம்மா மரக்கறி ரோல்ஸ் அனுப்பியிருந்தார். தலைமையாசிரியர் உரையாற்றப் போகுமுன் ஒன்றை எடுத்துக் கடித்தார். அந்த வருடம் உரை நடக்கவில்லை. அதிலிருந்து வகுப்பில் என் சாப்பாட்டுப் பெட்டியைக் கண்டால் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக் காட்டுவார்கள்.

மானத்தைக் காப்பாற்ற ஒரேயொரு வழிதான் தோன்றியது. ஆசிரியையிடம், "மிஸ், எங்கள் குடும்பம் பாதி ரஷ்யக் குடும்பம்," என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் நிறத்துக்கு அது கொஞ்சம் அதிகமான கோரிக்கைதான். "எந்தப் பாதி?" என்று கேட்டார். "அம்மாவும் அக்காவும்," என்றேன். வகுப்பு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. இனி கேக் எழும்பாவிட்டால் நான் பள்ளிக்கூடம் மாறவேண்டியதுதான்.

கோயில் வாசலில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா தன் தோட்டத்துப் புளி அப்பிளைப் பைபையாகக் கட்டி, விரும்பியவர்கள் எடுக்கலாம் என்று எழுதி வைப்பார். விருப்பமிருந்த நாங்கள் மூன்று பை எடுத்தோம். உணவு மாலைக்கு முந்தின நாள், பள்ளி விட்டு வந்ததும் வேலை தொடங்கியது. அக்கா அப்பிள் நறுக்கினாள். அம்மா முட்டை அடித்தார். நான் கதைத்தேன்.

தட்டு அவணுக்குள் போகுமுன் அம்மா என் தாடையைப் பிடித்துத் திருப்பினார்.

"தம்பி, நாப்பது நிமிசம் வாயை மூடிக்கொண்டு இருப்பியே?"

"இருப்பன்."

"சத்தியமே?"

"அவனாலை ஏலாதம்மா," என்றாள் அக்கா. "டேப் ஒட்டுவம்."

டேப் ஒட்டவில்லை. ஆனால் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

கேக் உள்ளே போனது. அம்மா காப்புகளைக் கழற்றி மேசைவிரிப்பின்மேல் வைத்தார். திரைச்சீலை மூடியது. நான் பேனையையும் தாளையும் எடுத்துச் செய்முறையை எழுதத் தொடங்கினேன். ஐந்து நிமிடம் எழுத்தில் போனது. ஆறாவது நிமிடத்தில் மூக்கு அரித்தது. எட்டாவது நிமிடத்தில், நான் சொல்லியே ஆகவேண்டிய ஒரு பகிடி நினைவுக்கு வந்தது. பத்தாவது நிமிடத்தில் அது இரண்டு பகிடியாகிவிட்டது. ஒரு பெரிய அப்பிள் தோலை எடுத்து வாய்க்குள் திணித்துக்கொண்டேன். அவணைப் பார்த்தேன். விரல் துடித்தது. விரலின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல பிள்ளையாக நான் இருந்ததில்லை. பார்த்துப் பாராட்டத்தான் யாருக்கும் அனுமதியில்லை.

அப்போது கதவு தட்டப்பட்டது. மூன்று தட்டு, பலமாக.

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். நாற்காலியில் அவளைக் காணவில்லை.

எங்கள் வீட்டில் எதற்கும் பயப்படாத ஆள் அக்காதான். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது, நகத்துக்குக் கறுப்புச் சாயம். பஸ்ஸில் என்னைத் தள்ளிவிட்ட பெரிய பையனைக் காதில் பிடித்து இறக்கியவள். அவள் சோபாவுக்குப் பின்னால், சுவரோடு சுவராக, முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தாள். நான் எட்டிப் பார்த்தபோது என்னை அவளுக்குத் தெரியவில்லை என்பதுபோல் பார்த்தாள். அருமையான நடிப்பு. எனக்குச் சிரிப்பு மூட்டி, கேக்கை அமுக்கி, பழியை என் தலையில் போடத் திட்டம் போடுகிறாள் என்று விளங்கியது. வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். சிரிப்பு மூக்கால் வந்தது.

அம்மா சத்தமில்லாமல் போய் அவளருகில் தரையில் உட்கார்ந்தார். மிச்சமிருந்த அப்பிளில் ஒரு துண்டைச் சீனியில் தோய்த்து அவள் வாயில் வைத்தார். அக்கா அதைக் கடிக்கவில்லை. சத்தம் வராமல் வாய்க்குள்ளேயே ஊறவிட்டு மெல்ல மெல்ல விழுங்கினாள். நானும் கையை நீட்டினேன். எனக்கு இன்னொரு தோல் கிடைத்தது. இந்த வீட்டில் நீதி இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாவது தட்டு வரவில்லை. பதிலாகக் கதவில் கடிதம் போடுகிற துவாரத்தின் மூடி மெதுவாக உயர்ந்தது. இரண்டு கண்கள் தெரிந்தன. கண்கள் போய் மூக்கு வந்தது. மூக்கு ஆழமாக ஒருதரம் இழுத்தது. பிறகு மூடி, சத்தம் வராமல், விரலால் பிடித்து இறக்கப்பட்டது. அது அப்பாவின் மூக்கு என்று எனக்குத் தெரியும். எனக்கு இருப்பதும் அதே மூக்குத்தான். பெற்றோல் ஸ்டேசனில் ஷிப்ட் நேரத்தோடு முடிந்து வந்தவர் வீட்டுத் திறப்பை எடுக்க மறந்துவிட்டுப் போயிருந்தார். நான் கதவைக் காட்டி அம்மாவுக்குக் கைப்பாஷையில் 'அப்பா' என்றேன். அம்மா தலையாட்டினார். ஆனால் எழும்பவில்லை. அக்காவின் முதுகைத் தடவியபடியே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்பதாவது நிமிடம் அம்மா அவணைத் திறந்தார். கேக் எழும்பியிருந்தது. எழும்பியது என்றால் சும்மா அல்ல, தட்டின் விளிம்பைத் தாண்டி, பொன்னிறமாக, நடுவில் மெல்லிய வெடிப்போடு, திருநாளுக்கு வெளிக்கிட்ட ஆள்போல நின்றது. நான் முப்பத்தைந்து நிமிடமாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கத்தினேன். அக்கா சோபாவுக்குப் பின்னாலிருந்து வந்து என் தலையில் குட்டினாள். அம்மா கதவைத் திறந்தார். அப்பா வெளியே மாடிப்படியில், மழையில் நனைந்த கோட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"எழும்பிட்டுதே?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

மறுநாள் மாலை கேக் பத்து நிமிடத்தில் முடிந்தது. தலைமையாசிரியர் முதலில் ஒரு சிறு மூலையை நாக்கில் வைத்துப் பரிசோதித்தார். பிறகு இரண்டு துண்டு எடுத்தார். ஆனால் புகழ் கேக்குக்குக் கிடைக்கவில்லை, என் தாளுக்குத்தான் கிடைத்தது. ஆசிரியை அதை உரத்து வாசித்தார். முட்டை, சீனி, மா, அப்பிள் வரைக்கும் எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். ஐந்தாவது, திரைச்சீலையை மூடவும். ஆறாவது, தொலைபேசியைக் கழற்றவும். ஏழாவது, நாற்பது நிமிடம் யாரும் கதைக்கக்கூடாது. எட்டாவது, யார் தட்டினாலும் திறக்கவேண்டாம், அப்பாவாக இருந்தாலும். மண்டபம் அதிரச் சிரித்தது. தபால்காரர் வந்தால் என்ன செய்வது என்று ஒரு தகப்பன் கேட்டார். "படியில் இருப்பார். எங்கள் அப்பா இருந்தவர்," என்றேன். இன்னும் சிரித்தார்கள். எல்லாரையும்விட அம்மாதான் அதிகம் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். அக்கா பேனையை எடுத்துப் போய், தாளில் ஓர் எழுத்துப் பிழையை மட்டும் திருத்திவிட்டு வந்தாள். வேறொன்றையும் வெட்டவில்லை. அந்த வருடம் எனக்கு இணையான ரஷ்யன் சட்டனில் இல்லை.

மொஸ்கோவில் நடந்தது உல்லாசப் பயணமல்ல என்று அப்பா எனக்குச் சொன்னபோது எனக்குப் பதினாறு வயது. காசு வாங்கிக் கள்ளமாக எல்லை தாண்ட வைக்கிற ஏஜென்சிக்காரன் ஓர் அடுக்குமாடி வீட்டில் பதினான்கு பேரை வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறான். ஒருவரிடமும் ஒழுங்கான பாஸ்போட் இல்லை. படியில் பொலிஸ் ஏறி இறங்கும். சில நாட்களில் கதவைத் தட்டும். பதினான்கு பேரில் குழந்தை அக்கா ஒருத்திதான். அவளைச் சத்தம் போடாமல் வைத்திருக்க ஒருவருக்கும் வழி தெரியவில்லை. வீட்டுக்காரிக்குத்தான் தெரிந்தது. அவள் அப்பிள் நறுக்கி, கேக்கை அவணில் வைத்து, வாயில் விரலை வைத்துக் காட்டுவாளாம். கதைத்தால் கேக் எழும்பாது.

போன மாதம் என் வீட்டில் அந்தக் கேக்கைச் செய்தேன். என் மகள் என்னைப் போலவே, வாய் மூடாது. வானொலி அலற, அவள் கதைக்க, நான் அவளைவிட உரத்துக் கதைக்க, கேக் பிரமாதமாக எழும்பியது. அவண் கதவைத் திறந்தால்தான் அது அமுங்கும் என்று என் விரலுக்கு எப்போதோ தெரியும். உடனே அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"எங்களை ஏமாத்திப்போட்டினம். கதைச்சாலும் எழும்புதடி."

"தெரியும். ஸ்கூலிலை குக்கிங் கிளாசிலை படிச்சனான்."

"எப்ப?"

"நீ ரஷ்யனாகிறதுக்கு முதல் வருசம்."

"தெரிஞ்சுகொண்டே சோபாவுக்குப் பின்னாலை போய் இருந்தனீ?"

"எனக்கும் ஒரு துண்டு எடுத்து வையடா," என்றாள்.

அன்று சட்டனில், திரைச்சீலை மூடிய வீட்டுக்குள் மூன்று பேரும் வெளியே படியில் ஒருவருமாக, நாங்கள் நாலு பேர் வாய் திறக்காமல் இருந்தோம். கேக்குக்காக இருந்தவன் நான் ஒருவன்தான்.