கத்திரியின் இடது கை

அவளுக்கு ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் அது பயன்பட்டதில்லை. பெண்கள் முடி வெட்டிக்கொள்ள வரும் அந்தச் சலூனில் முதலாளியம்மா முதல் தரை துடைப்பவள் வரை எல்லோருக்கும் அவள் கத்திரிதான். கையில் ஒரு கத்திரி, வாயில் ஒரு கத்திரி என்று முதலாளியம்மா வாடிக்கையாளர்களிடம் அறிமுகம் செய்து வைப்பாள்.

வாய் விஷயத்தில் அது கொஞ்சமும் மிகையில்லை. யாராவது ஒரு படத்தைக் காட்டி, "இந்த மாதிரி வெட்டினா எனக்கு எடுப்பா இருக்குமா?" என்று ஆசையாகக் கேட்டால், கத்திரி அந்த முகத்தை ஒரு முறை பார்ப்பாள், படத்தை ஒரு முறை பார்ப்பாள். "இருக்காது. அவங்களுக்கு நெத்தி சின்னது. உங்களுக்கு மைதானம்" என்பாள். முதலாளியம்மா ஓடிவந்து சமாதானம் சொல்வாள். ஆனால் திட்டிக்கொண்டே எழுந்து போனவர்கள் அடுத்த மாதம் கத்திரியின் நாற்காலி காலியாகும் வரை காத்திருந்து உட்கார்ந்தார்கள். அவள் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் நிஜமாகவே நன்றாக இருக்கும், அவ்வளவுதான். ஆறுதலுக்காக ஒரு பொய் சொல்ல அவளுக்கு வராது.

அவள் புருஷன் தராசுக்காரர். கடைகடையாகப் போய் எடை இயந்திரங்களைச் சரிபார்ப்பவர். வெல்வெட் பதித்த மரப்பெட்டியில் பித்தளை எடைக்கற்கள் வைத்திருந்தார். விரல் ஈரம் பட்டால்கூட எடை ஏறிவிடும் என்று அவற்றை வெறும் கையால் தொடமாட்டார். சரிபார்த்த முத்திரை இல்லாத எந்தக் கருவியையும் நம்பமாட்டார். "என்னை மட்டும் எப்படி நம்பிக் கட்டிக்கிட்டீங்க? என் நெத்தியில எந்த முத்திரை இருந்துச்சு?" என்று கத்திரி கேட்பாள். அவர் சிரிக்காமல், "அது அப்ப தெரியாம பண்ணினது" என்பார். காலேஜில் படிக்கும் மகள் இருவரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். அப்படி ஒரு வீடு.

நோய் முதலில் அவள் இடது கையில்தான் வந்து உட்கார்ந்தது. இடது கையால் முடிக்கற்றையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் வெட்டுவது அவள் வேலை. சில நிமிடங்களிலேயே இடது கை கனக்கும். ஈர மணலை உள்ளே கொட்டினது போல் இருக்கும். கையைத் தொங்கவிட்டால் சரியாகிவிடும், தூக்கினால் மறுபடியும் அதே கதை. பிறகு சாயங்காலக் காய்ச்சல் வந்தது. மூட்டெல்லாம் வலித்தது. பின்மண்டையில் விண்விண் என்று இடித்தது. ஜாக்கெட்டுகள் தொளதொளவென்று ஆயின. வயது முப்பத்தாறு.

டாக்டர்கள் பாடு அதற்கப்புறம்தான். முதலாமவர் ரத்தம் குறைவு என்று டானிக் எழுதினார். இரண்டாமவர் தோள்பட்டை இறுகிவிட்டது என்று கையைச் சுற்றச் சொன்னார். சுற்றினால் உயிர் போயிற்று. மூன்றாமவர் கணினியிலிருந்து முகத்தைத் திருப்பாமலேயே, "வீட்டுல ஏதாவது பிரச்சனையா?" என்று கேட்டார்.

"வீட்டுல பிரச்சனைன்னா அவருக்குத்தானே கை வலிக்கணும்? எனக்கு ஏன் வலிக்குது?" என்றாள் கத்திரி.

அவர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

தெருமுனை கிளினிக் டாக்டர் மட்டும்தான் ரத்த அழுத்தம் பார்த்தார். மேசைக்குப் பக்கத்தில் அவருக்குத் தோதாகப் போட்டிருந்த நாற்காலியில் உட்காரவைத்து, அவர் பக்கம் இருந்த கையில் பட்டையைச் சுற்றி அமுக்கினார். நூற்றெண்பது. மறுபடி பார்த்தார், அப்போதும் அதேதான். "இந்த வயசுல இவ்வளவு கூடாதும்மா" என்று தினமும் போட மாத்திரை கொடுத்தார். ரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார். உடம்பில் எங்கோ வீக்கம் இருக்கிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை என்று முடிவு வந்தது. அதைக் கண்டுபிடிக்க வேண்டியவர்கள் யார் என்பதும் யாருக்கும் தெரியவில்லை.

தராசுக்காரர் சும்மா இருப்பாரா? வீட்டில் வைத்துப் பார்க்க ஒரு கருவி வாங்கி வந்தார். முதலில் தன் கையில் பார்த்தார், பிறகு மகள் கையில், பிறகு எதிர்வீட்டுத் தையல்காரர் கையில். சரியாகக் காட்டியது. அதற்கப்புறம்தான் மனைவியிடம் கொண்டுவந்தார். அவள் எப்போதும் உட்காரும் இடம் சோபாவின் மூலை. வலது பக்கம் சுவர். இடது பக்கம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கருவியை வைத்தார். நூறு காட்டியது. மறுநாளும் நூறு. அதற்கு மறுநாள் நூறுகூட இல்லை.

அடுத்த முறை கிளினிக்குக்கு அவரும் போனார். டாக்டர் பார்த்தபோது மறுபடியும் நூற்றெண்பது. தராசுக்காரர் எழுந்து, அந்தக் கருவியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், குனிந்து அடிப்பக்கம் பார்த்தார்.

"என்ன தேடுறீங்க?"

"முத்திரை டாக்டர். இதை எப்பக் கடைசியாச் சரிபார்த்தீங்க?"

"இது ஆஸ்பத்திரிக் கருவிங்க. காய்கறிக்கடைத் தராசு இல்ல."

அந்த ஒரு வார்த்தை போதாதா! தராசுக்காரர் முகம் சிவந்து வெளியே வந்தார். காய்கறிக்கடைத் தராசுக்கு இருக்கும் யோக்கியதை இந்த ஆளுக்கு இல்லை என்று வழியெல்லாம் பொருமினார். அவளுக்கோ எழுந்து நின்றாலே தலைசுற்றல் இருந்தது. இருக்கிற அழுத்தமே குறைவு, அதில் மாத்திரையும் போட்டால் சுற்றாமல் என்ன செய்யும் என்று அவருக்குப் பட்டது. "நாளையில இருந்து மாத்திரை வேண்டாம்" என்றார். அவர் அன்பில்லாமல் சொல்லவில்லை. அவள் எங்கே மயங்கி விழுந்துவிடுவாளோ என்ற பயத்தில்தான் சொன்னார். அன்பு தவறான எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தது, அதுதான் கொடுமை.

கத்திரி மாத்திரையை நிறுத்தினாள். கை கனம் நிற்கவில்லை, காய்ச்சல் நிற்கவில்லை. ஒரு நாள் இடது கையிலிருந்து சீப்பு நழுவி ஒரு வாடிக்கையாளரின் மடியில் விழுந்தது. இன்னொரு நாள் ஒருத்தியின் காதோரம் கத்திரிக்கோல் பட்டுக் கீறிவிட்டது. முதலாளியம்மா நல்லவள், கத்தவில்லை. "கொஞ்ச நாளைக்கு வாசல் மேசையில உட்கார்ந்து போன் எடு. உடம்பு தேறட்டும்" என்று மட்டும் சொன்னாள். கத்திரி முன்னால் உட்கார்ந்து போன் எடுத்தாள். தன் நாற்காலியில் வேறொருத்தி நின்று வெட்டுவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாவற்றையும்விட வலித்தது வேறொன்று. கருவி ஒவ்வொரு முறையும் நூறைத்தான் காட்டியது. சில நாள் எண்ணே வராமல் பிழை என்று காட்டி நின்றது. அப்போதெல்லாம் தராசுக்காரர், "கையை இறுக்காத. நீ இறுக்குறதாலதான் அது தடுமாறுது" என்றார். அவள் இறுக்கவில்லை. "அம்மா, நீ ரொம்ப யோசிக்கிற. அதான் உடம்புக்கு வருது" என்றாள் மகள். இத்தனை பேர் சொல்லும்போது எப்படித்தான் நம்பாமல் இருப்பது? ஒரு மதியம் குளியலறைக் கண்ணாடி முன் நின்று கத்திரி தன்னையே கேட்டுக்கொண்டாள்: எல்லாம் நானாகக் கற்பனை செய்துகொள்கிறேனோ? ஊருக்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொன்னவளுக்குத் தன் உடம்பு உண்மை சொல்கிறதா என்று தெரியாமல் போயிற்று. நோய் என்ன என்று யாராவது சொன்னால் போதும், அது எவ்வளவு பெரியதாக இருந்தாலும் பரவாயில்லை என்று அன்று வேண்டிக்கொண்டாள்.

கத்திரிதான் வெட்ட வேண்டும் என்று அடம்பிடித்து ஒரு பழைய வாடிக்கையாளர் வந்தாள், கல்யாணமாகிப் போய் வெகுநாள் கழித்து வந்தவள். முதலாளியம்மா சரி என்றாள். பாதி வெட்டும்போது கண்ணாடியில் அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு பாதி மங்கியது. பல்பு போய்விட்டது என்று கத்திரி நிமிர்ந்து பார்த்தாள். பல்பு எரிந்துகொண்டிருந்தது. ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள், மற்றதை மூடிப் பார்த்தாள். வலது கண்ணில் பழுப்பாக ஒரு திரை தொங்கியது. பாதி வெட்டிய தலையை விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை. மீதியை விரல் பழக்கத்திலேயே வெட்டி, துணியை உதறி மடித்து வைத்த பிறகுதான் முதலாளியம்மாவிடம், "அக்கா, எனக்குக் கண்ணு தெரியல" என்றாள்.

கண் டாக்டர் உள்ளே விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார். "உங்க பி.பி. எவ்வளவு?"

"நூறு. தினமும் பார்க்குறோம்" என்றார் தராசுக்காரர், கொஞ்சம் பெருமையாகவே.

"இந்தக் கண்ணு நூறுன்னு சொல்லலையே. உள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. ரொம்ப நாளா அழுத்தம் எகிறிப்போய் இருந்தாத்தான் இப்படி ஆகும். இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க."

பெரிய ஆஸ்பத்திரியில் வலது கையில் மருந்து ஏற்ற ஊசி குத்தியிருந்ததால் நர்ஸ் இடது கையில் பார்த்தாள். நூறு. "பார்த்தியா?" என்றார் தராசுக்காரர், ஆனால் அவர் குரலில் இப்போது பெருமை இல்லை. கண் டாக்டர் ஒன்று சொல்கிறார், கருவி ஒன்று சொல்கிறது. எதை நம்புவது என்று முதல்முறையாக அவருக்குத் தெரியவில்லை. யாரோ ஏதோ மருந்து வாங்கிவரச் சொல்லி அவரைக் கீழே அனுப்பினார்கள்.

மூட்டெல்லாம் வலிக்கிறது என்று கத்திரி சொல்லியிருந்ததால், அப்போது வந்தாள் மூட்டு நோய்க்கான டாக்டரம்மா. நடுத்தர வயது, தொளதொள செருப்பு. கண் டாக்டர் எழுதியதைப் படித்தாள். நர்ஸ் குறித்த எண்ணைப் படித்தாள். இரண்டையும் ஓரமாக வைத்தாள். கட்டிலில் உட்கார்ந்து, கத்திரியின் இரண்டு மணிக்கட்டையும் ஒரே நேரத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இந்தக் கையை மேல தூக்கினா அசதியா இருக்குமா?"

"அதைத்தானே டாக்டர் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன்!"

"இதுல நாடி இல்லம்மா. யாரும் பிடிச்சுப் பார்க்கலையா?"

கத்திரி பதறிப்போய்த் தன் இடது மணிக்கட்டை வலது கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். "இருக்கே டாக்டர். இதோ துடிக்குதே."

"அது உங்க கட்டைவிரலோட துடிப்பு. கட்டைவிரலால பார்த்தா நம்ம நாடிதான் நமக்குத் தெரியும்" என்று சொல்லி, அவள் விரலை மெல்ல எடுத்துவிட்டு நடுவிரலை அங்கே வைத்தாள் டாக்டரம்மா. அங்கே ஒன்றுமே இல்லை.

பிறகு ஊசியைக் கவனமாக ஒதுக்கிவிட்டு வலது கையில் பட்டையைச் சுற்றினாள். இருநூறைத் தாண்டியது. கிளினிக்கில் நூற்றெண்பது காட்டியதையும் வீட்டில் நூறு காட்டியதையும் கத்திரி சொன்னாள்.

"ரெண்டு கருவியும் சரியாத்தான் காட்டியிருக்கு. கிளினிக்ல வலது கையில பார்த்திருக்காங்க, வீட்டுல இடது கையில" என்றாள். "இடது கைக்கு ரத்தம் போற குழாய் அடைச்சுக்கிட்டு வருது. அதான் அங்க குறைச்சலாக் காட்டுது. நிஜ அழுத்தம் வலது கையில இருக்கு. ஸ்கேன் எடுத்து உறுதி பண்ணிக்கலாம். ஆனா நீங்க சொன்னது ஒண்ணுகூடக் கற்பனை இல்ல."

ஒன்றுகூடக் கற்பனை இல்லை. அந்த வார்த்தையைக் கேட்டதும் கத்திரி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நோயை நினைத்து அழவில்லை. அதை நினைத்து அழப் பிறகு நேரம் இருந்தது.

ஸ்கேன் எல்லாவற்றையும் காட்டியது. உடம்பைக் காக்க வேண்டிய படையே சொந்த ரத்தக்குழாய்களைப் பகையாளி என்று நினைத்து அடித்துக்கொண்டிருந்தது. இடது கைக்குப் போகும் குழாய் ஏறக்குறைய மூடிவிட்டது. ஒரு சிறுநீரகத்துக்குப் போகும் குழாய் சுருங்கி, அதனால்தான் அழுத்தம் ஏறியது. நோயின் பெயர் டகாயாசு. கத்திரி அதை டாக்டரம்மாவிடம் மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டாள். இத்தனை நாள் தன்னை ஆட்டிவைத்தவனின் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

தராசுக்காரருக்கு வராந்தா பெஞ்சில் வைத்து அவளே சொன்னாள். அவர் புதிதாக வாங்கி வந்த மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்திருந்தார்.

"எந்தக் கடையிலயும் நான் மேடைத் தராசை ஒரு மூலையில மட்டும் கல்லை வெச்சுப் பார்த்ததில்ல" என்றார் கடைசியில். "நாலு மூலையிலயும் வெச்சுப் பார்ப்பேன். அதான் முறை. உன்னை ஒரு பக்கம் மட்டும் பார்த்துட்டேன். மாத்திரையையும் நிறுத்தச் சொல்லிட்டேன். உன் கண்ணு போனதுக்கு நான்தான் காரணம், இல்ல?"

வேறு யாராக இருந்தாலும் அப்படியெல்லாம் இல்லை என்றிருப்பார்கள்.

"ஆமா" என்றாள் கத்திரி. "உங்க தப்புதான். ஒரே கையில பார்த்த டாக்டரோட தப்பும் இருக்கு. நிறுத்தச் சொன்னதும் நிறுத்தின என் தப்பும் இருக்கு. எழுந்திரிங்க, மருந்தை நர்ஸ்கிட்ட கொடுக்கணும்."

அவர் எழுந்தார். நடக்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொள்ளப் போய், எந்தக் கையைப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றார்.

மருந்தில் அவள் முகம் உப்பியது. "இப்ப எனக்கும் மைதானம்தான்" என்று முதலாளியம்மாவிடம் சொல்லிக்கொண்டாள். கண் பாதி திரும்பியது, மீதி திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். காய்ச்சல் நின்றது. உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, இடது கை பிடிக்க வேண்டிய முடியையெல்லாம் கிளிப்புகளால் தூக்கி மாட்டிக்கொண்டு, காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று மறுபடி வெட்ட ஆரம்பித்தாள். அடைபட்ட குழாயைச் சுற்றிச் சின்னச்சின்ன வழிகளில் ரத்தம் கொஞ்சம் போகும், கை கனம் குறையும், ஆனால் மணிக்கட்டில் நாடி திரும்ப வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்று டாக்டரம்மா அவளிடம் தனியாகச் சொல்லியிருந்தாள்.

வீட்டில் சோபாவை இழுத்து நடுக்கூடத்தில் போட்டார் தராசுக்காரர், இப்போது எந்தப் பக்கமும் சுவர் இல்லை. தினமும் காலையில் வலது கையில் பார்ப்பார். பார்த்து முடித்ததும் கருவியை மூடிவிட்டு இந்தப் பக்கம் வந்து இடது மணிக்கட்டைப் பிடிப்பார். கண்ணை மூடிக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு காத்திருப்பார். நாடி தட்டுப்படாமல் கையை விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புவார். எல்லா நாளும் இப்படித்தான்.

ஒரு காலை அவர் பிடி மாறியிருந்தது. கண்ணைத் திறந்தார். முகம் வெளுத்துப்போய், பிறகு மலர்ந்தது.

"ஏய், இருக்கு" என்றார். குரல் கிசுகிசுத்தது. "துடிக்குது. நிஜமாத் துடிக்குது. உனக்குத் தெரியுதா?"

கத்திரி குனிந்து பார்த்தாள். அவள் மணிக்கட்டின் மேல் அவருடைய கட்டைவிரல் இருந்தது.

"ஆமாங்க" என்றாள். "எனக்கும் தெரியுது."

அவர் கையை விடவில்லை. அவளும் இறுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.