ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

அமிர்திக் காட்டை ஒட்டிய எங்கள் ஊரில் பூசைக்கே வராத ஒரே ஆள் வெல்டர் டோமினிக். ஞாயிறு காலையில் ஊரே மாதா கோயிலில் இருக்கும். அவர் மட்டும் வீட்டுக்குப் பின்னால் ஓடைக்குக் குறுக்கே மண்ணைப் போட்டு, குழாய் செருகி, வாளி நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று செல்போனில் பார்த்துக்கொண்டிருப்பார். வாராவாரம் அளவு மாறவேயில்லை. அந்த அளவுக்கு ஏற்ப, கரண்டு எடுக்க ஆள் உயரத்துக்கு இரும்புச் சக்கரம் ஒன்றைச் செய்து ஓடையில் நிறுத்தினார்.

"ரெண்டு லைட்டு, ஒரு ஃபேனு கேரண்டி" என்றார் மனைவி பிலோமினாளிடம்.

திங்கட்கிழமை சக்கரம் அசையவில்லை. செவ்வாய்க்கிழமையும் அப்படியே நின்றது. பிலோமினாள் ஓடையோரமாக மேலே நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"மேல எல்லாரும் மோட்டார் போட்டு நெலத்துக்குத் தண்ணி இழுக்கறாங்க. ஞாயித்துக்கெழமதான் பூசைக்குப் போறதால மோட்டார நிறுத்தறாங்க. நீங்க அன்னிக்குப் போய் அளந்தா இன்னா பண்றது?"

இவ்வளவு பெரிய சக்கரத்தை வெட்டிச் சின்னதாக்க டோமினிக்குக்குக் கௌரவம் இடம் தரவில்லை. நேராகப் பங்குச் சாமியாரிடம் போனார்.

"சாமி, தெனமும் சாயங்காலம் ஒரு பூசை வைங்க. ஊரு சனம் மொத்தமும் வரணும்."

சாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீயும் வருவ இல்ல, டோமினிக்?"

"நான் வந்துட்டா சக்கரத்த யாரு சாமி பாத்துக்கறது?"